ஆணிக்கு ஒரு பெயர்

காஞ்சிபுரம்
8-2-1970

அன்புள்ள தேவகி அக்காவுக்கு,

உன் சித்தப்பா மகள் வடிவு எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, கங்கையம்மா அத்தை, இரண்டு தறிகள் எல்லாம் சௌக்கியம். அங்கே நீயும் உன் ஆஸ்பத்திரி நோயாளிகளும் சௌக்கியமா?

இதைத் தறிக்குழிக்குள் இறங்கி உட்கார்ந்து எழுதுகிறேன். பகலில் அப்பா காலைத் தொங்கப்போட்டு மிதிக்கிற இந்தக் குழிக்குள் சிம்னி விளக்கை வைத்தால் வெளிச்சம் யாருக்கும் தெரியாது. கொசுவுக்கு மட்டும் தெரிந்துவிடுகிறது. ஊரை விட்டுப் போனவள் என்று, இந்த வீட்டில் உன் பெயரைச் சொன்னாலே அத்தை வாசல் பக்கம் போய்த் துப்பிவிட்டு வருகிறாள். அதனால் பதிலை என் சிநேகிதி அம்சவேணி வீட்டு விலாசத்துக்குப் போடு.

விஷயம் இதுதான். நான் சினிமா பார்த்துவிட்டேன். ஐயம்பேட்டை போகிற வழியில் டென்ட் கொட்டகை போட்டிருக்கிறார்கள். அம்சவேணியின் அம்மாவுக்குப் படம் மாறினால் போதும், கால் நிற்காது. வரதர் கோயிலுக்கு என்று சொல்லி எங்களையும் கூட்டிப் போனார். திரும்பி வரும்போது கொடுக்க, குங்குமப் பொட்டலம் புறப்படும் முன்பே அவர் மடியில் தயாராக இருந்தது.

பேய்ப் படம். போஸ்டர் பாதி கிழிந்திருந்ததால் பெயர் தெரியவில்லை. எனக்குச் சில சந்தேகங்கள். செத்தவளின் வெள்ளைப் புடவையை யார் சலவை செய்து கொடுக்கிறார்கள்? ஒருவனுக்குத் தெரியாமல் போய்ப் பிடிக்கவேண்டுமென்றால் எதற்குக் கொலுசு? கழுத்தை நெரிப்பதற்கு முன் முழுப் பாட்டையும் பாடி முடிக்கிறது. அவன் அதுவரை ஓடாமல் நின்று கேட்கிறான். பாதியில் ரீல் அறுந்தபோது ஒரு அம்மாள், "பேயே பயந்துக்கினு ஓடிப்போச்சுடி" என்றாள். மணலில் உருண்டு சிரித்தோம்.

ஒரே ஒரு இடத்தில்தான் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதை எழுத இந்தத் தாளில் இடம் போதாது.

கொசுக்கடியுடன்,
வடிவு


சென்னை
16-2-1970

அன்பு வடிவு,

என் நோயாளிகள் சௌக்கியமாக இருந்தால் எனக்கு ஏது வேலை? நான் நன்றாக இருக்கிறேன். ராத்திரி டியூட்டி முடிந்து இப்போதுதான் விடுதிக்கு வந்தேன்.

நீ டென்ட் கொட்டகை என்றால் நான் மவுண்ட் ரோடு. போன ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நாலு நர்சுகள் ஒரு இங்கிலீஷ் படம் பார்த்தோம். ராக்கெட்டில் வேறு கிரகத்துக்குப் போகிறார்கள். அங்கே இருக்கிறவர்கள் முகமெல்லாம் பச்சை, ஆனால் இங்கிலீஷ் நன்றாகப் பேசுகிறார்கள். மூன்று வருஷமாக என் வார்டில் இருக்கிற டாக்டர் பேசுவதைவிடத் தெளிவாகப் புரிந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு ஜந்து ராக்கெட் ஓட்டுகிறவன் உடம்புக்குள் புகுந்து அவன் வாயால் பேசுகிறது. கூட இருக்கிற டாக்டரம்மா என்ன செய்கிறாள் தெரியுமா? சட்டைக்கு மேலேயே ஊசி போடுகிறாள்! நாங்கள் நாலு பேரும் ஒரே சமயத்தில் "ஐயோ" என்று கத்தியதில் முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

பேய்ப் படம் பார்த்தால் ரெண்டு நாள் தூக்கம் வராது, பிறகு சரியாகிவிடும். நீ எழுதாமல் விட்ட இடம் எது? உன் இன்லண்ட் தாளில் நாலு விரல் இடம் காலியாக இருக்கிறது.

பரீட்சைக்குப் படி. கொசுவர்த்தி வாங்கிக்கொள்.

தேவகி


காஞ்சிபுரம்
2-3-1970

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அப்பா சௌக்கியம், அம்மா சௌக்கியம். என்னைப் பற்றித்தான் இந்த வீட்டில் இரண்டு கருத்து இருக்கிறது.

அந்த ராக்கெட்டில் நம் அத்தை போயிருந்தால் ஊசிக்குப் பதில் வேப்பிலை எடுத்திருப்பாள். இங்கே எடுத்துவிட்டாள். படம் பார்த்ததிலிருந்து நான் தூக்கத்தில் கத்துகிறேனாம். முந்தாநாள் எழுந்து உட்கார்ந்துகூடக் கத்தினேனாம். அத்தை என் முகவாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு அப்பாவிடம், "காசி, இது கண்ணைப் பாருடா. நம்மளைப் பாக்குதா? எங்கியோ பாத்துக்கினு இருக்குது. காத்து பட்டிருக்குது" என்றாள். ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் என்றால்கூட இவ்வளவு சந்தோஷமாகச் சொல்ல மாட்டார்கள்.

சினிமா பார்த்தேன் என்று சொன்னால் தோல் உரியும். சொல்லாவிட்டால் பேய். நான் வாயை மூடிக்கொண்டேன்.

நடுவில் இன்னொன்று. அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கோர்வை போட்டுக்கொண்டிருந்த தர்மன் நின்றுவிட்டான், இப்போது அவனுக்குச் சொந்தத் தறி. கோர்வை போட ஆள் இல்லாமல் புடவையின் கரையும் உடலும் எப்படிச் சேரும்? கல்யாணப் புடவை ஆர்டர் வரிசையாக நிற்கிறது. அப்பா என்னைப் பார்க்கிறார், பலகையில் தர்மன் உட்காருகிற இடத்தைப் பார்க்கிறார், மறுபடி என்னைப் பார்க்கிறார்.

இப்போது விட்டுப்போன இடம். படத்தில் அந்தப் பெண் கோயில் முன்னால் தலைமுடியை அவிழ்த்துப் போட்டுச் சுழற்றுவாள். அது நீதான் அக்கா. எனக்கு ஏழு வயசு. தென்னேரி ஏரிக்கரையில் நம் குலதெய்வக் கோயிலில் அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். கலியன் பூசாரி உடுக்கை அடித்தார். நீ அங்கம்மாள் என்றாய். "மதராசுக்கு அனுப்பு, நர்சு படிக்க அனுப்பு, அனுப்பினாத்தான் இவளை உடுவேன்" என்றாய். உன் முடியைக் கத்தரித்து, அங்கம்மாள் பெயரைச் சொல்லிப் புளியமரத்தில் ஆணி அடித்தார்கள்.

உனக்குள் வந்தது நிஜமாகவே ஏரியில் விழுந்து செத்த அங்கம்மாளா? அது உன்னை விட்டபின் எங்கே போனது? இப்போது என்மேல் வந்திருக்குமா? உண்மையை எழுது. பயமாக இருக்கிறது.

வடிவு


சென்னை
10-3-1970

அன்பு வடிவு,

நான் சௌக்கியம். இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது.

நேற்று ஒரு தமாஷ் படம் பார்த்தேன். வேலையில்லாத ஒருவன் ஒட்டுமீசை வைத்துக்கொண்டு தன் வீட்டுக்கே வாடகைக்கு வருகிறான். பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சோறு போடுகிறாள், குரல் அதே குரல், ஆனாலும் தெரியவில்லை. கடைசியில் பாயசம் குடிக்கும்போது மீசை டம்ளரோடு வந்துவிடுகிறது. வயிறு வலிக்கச் சிரித்தேன். நகைச்சுவைப் படங்களுக்கு இந்த மீசை இல்லாவிட்டால் என்ன ஆகும் தெரியவில்லை.

ராத்திரி படுக்கும்முன் பால் குடி. சித்தியைக் கேட்டதாகச் சொல்லாதே.

தேவகி


காஞ்சிபுரம்
20-3-1970

தேவகி அக்காவுக்கு,

எல்லோரும் சௌக்கியமா என்று கேட்டு நீயே பதிலும் எழுதிக்கொள்.

நான் கேட்டது ஒன்று, நீ எழுதியது மீசை. இங்கே மீசை ஒட்டாமலேயே என் அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அதைச் சொல்கிறேன், சிரி.

திங்கட்கிழமை அப்பா, "இன்னிலருந்து பள்ளிக்கூடம் வேணாம்மா. உடம்பு சரியாவட்டும். சும்மா இருக்கிற நேரத்துக்குக் கோர்வை போடு" என்றார். எனக்கு எப்போதும் அப்பா முன்னால் வாய் எழும்பாது. அன்றைக்கு எழும்பியது. "உடம்பு சரியில்லாதவ எதுக்குக் கோர்வை போடணும்? கோர்வை போட முடிஞ்சா பள்ளிக்கூடமும் போக முடியும்" என்றேன். நான் சொன்னதில் கணக்குத் தப்பு ஏதாவது இருக்கிறதா?

அப்பா இழை ஓட்டுகிற நாடாவைக் கீழே வைத்துவிட்டார். அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "பாத்தியா, பாத்தியா! நம்ம வடிவு என்னிக்காவது அப்பனை எதிர்த்துப் பேசியிருக்குதா? இது வேற ஆளு பேசுது!" அம்மா அழ ஆரம்பித்தாள். "என் பொண்ணைக் குடுத்துடும்மா" என்று என்னிடமே கையேந்திக் கேட்டாள். என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள் அக்கா.

இப்போது நான் பேசினால் பேய், பேசாவிட்டால் ஊமைப்பேய். உரக்கப் படித்தால்கூட என்ன மந்திரம் என்று கேட்கிறார்கள். பங்குனி அமாவாசைக்குத் தென்னேரியில் கலியன் பூசாரியிடம் சொல்லிவிட்டார்கள். அதற்கடுத்த திங்கட்கிழமை முழுப்பரீட்சை. பேய் போனாலும் பள்ளிக்கூடம் கிடையாதாம், அந்த வழியில்தான் காற்று பட்டதாம். பரீட்சை எழுதாவிட்டால் பதினொன்றாம் வகுப்பு இல்லை. பிறகு சாகும்வரை தர்மன் இடம்தான்.

உண்மையைச் சொல். அவள் உனக்குள் வந்தாளா இல்லையா? என் உடம்பில் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவேண்டும்.

வடிவு


காஞ்சிபுரம்
28-3-1970

அக்கா,

அம்சவேணி தினமும் தபால்காரர் சைக்கிளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். தெருவில் அவளைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டது. என் போன கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.

நீ சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எனக்கு அதைப் பற்றி இப்போது அக்கறை இல்லை.

வடிவு


சென்னை
31-3-1970

வடிவு,

கோபித்துக்கொள். நியாயம்தான்.

எனக்குள் யாரும் வரவில்லை. அன்றைக்கு எனக்கு மலேரியாக் காய்ச்சல். அதற்கு முன் ஒரு வருஷம் அப்பாவிடம் நர்ஸ் படிப்புக்குக் கேட்டுக் கேட்டு அறை வாங்கினேன். பூசாரி உடுக்கையை அடித்துவிட்டு, "என்ன வேணும் கேளு, குடுக்கிறோம்" என்றார். அப்பா பக்கத்தில் கைகட்டி நின்று, "கேளும்மா, எது கேட்டாலும் செய்யறேன்" என்றார். என் ஜன்மத்தில் அப்பா என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. கேட்டேன். பெயர் சொல்லு என்றார்கள். அந்த வருஷம் செத்தவளின் பெயர் வாயில் வந்தது.

உன்மேலும் யாரும் இல்லை. ரீல் அறுந்த படம்தான் உன்மேல் இருக்கிறது.

ஆகையால் நான் சொல்கிறபடி செய். முடியை அவிழ்த்துவிடுவார்கள், நன்றாகச் சுழற்று. மூன்று தடவை பெயர் கேட்பார்கள், உடனே சொல்லாதே. நாலாவது தடவை செத்துப்போன யாராவது ஒருத்தி பெயரைச் சொல். அங்கம்மாள் என்றே சொல், நம்புவார்கள். பள்ளிக்கூடம் அனுப்பினால்தான் போவேன் என்று கேள். கொடுப்பார்கள். பெண் கேட்டால் கொடுக்காததை அவர்கள் பேய் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். இது எனக்குத் தெரிந்த ஒரே வழி. இதில்தான் நான் வெளியே வந்தேன், இன்றைக்கு என் சம்பளத்தில் சாப்பிடுகிறேன்.

தைரியமாக இரு. படித்ததும் கிழித்துவிடு.

தேவகி


காஞ்சிபுரம்
8-4-1970

அன்புள்ள அக்காவுக்கு,

முதுகில் வேப்பங்குச்சித் தழும்பு தவிர நான் சௌக்கியம். நிஜமாகவே.

நீ சொன்னபடி செய்யவில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன். செய்யத்தான் நினைத்தேன். வழியெல்லாம் பஸ்ஸில் ஒத்திகை பார்த்தேன். ஆனால் ஏரிக்கரையில் இறங்கினால், கூட்டத்துக்குக் கடைசியில் அங்கம்மாளின் அம்மா நிற்கிறார். நீ ஊரை விட்டுப் போய்விட்டாய், உனக்குத் தெரியாது. நாங்கள் வருஷாவருஷம் பொங்கல் வைக்கப் போகிறோம், எனக்குத் தெரியும். அந்த வீட்டில் யாரும் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லை. பேய் வீடு என்று பெயர். அங்கம்மாளின் தங்கைக்கு இன்னும் ஒரு வரன்கூட வரவில்லை. எந்தப் பெண்ணுக்கு உடுக்கை அடித்தாலும் அந்தம்மா வந்து நிற்கிறார், இந்தத் தடவையாவது வேறு பெயர் வருமா என்று.

என் தலையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். முடியை அவிழ்த்தார்கள். உடுக்கை அடிக்க ஆரம்பித்ததும் என் உடம்பு தானாக ஆடியது. அது பொய்யில்லை அக்கா, பல் கிட்டிவிட்டது. என் வாயில் என்ன பெயர் வரப்போகிறது என்று எனக்கே தெரியவில்லை. சாகிற மாதிரி பயந்தேன்.

கலியன் பூசாரி, "யாருடி நீ?" என்றார்.

"வடிவு."

"அது பொண்ணு பேரு. உன் பேரைச் சொல்லு!"

"வடிவுதான். அப்பா பேரு காசிநாதன். பத்தாங்கிளாஸ், பி செக்‌ஷன்."

யாரோ சிரித்தார்கள். முதுகில் அடி விழுந்தது.

"எங்கடி புடிச்ச இந்தப் பொண்ணை?"

"யாரும் என்னைப் புடிக்கல. டென்ட் கொட்டாயில பேய்ப் படம் பாத்தேன். அதான் தூக்கத்துல கத்தினேன்."

"வரதர் கோயிலுன்னு சொன்னியேடி!" என்று அம்மா வீறிட்டாள். அந்த இடத்தில்தான் அவளுக்கு என்னை அடையாளம் தெரிந்தது என்று நினைக்கிறேன். பேய் எதற்குக் குங்குமப் பொட்டலம் கொண்டுவந்து கொடுக்கப்போகிறது?

"யாரு கூடடி போனே?" இது அத்தை.

"என் காலு கூட, அத்தை."

இன்னும் நாலு அடி. பூசாரிக்கு மூச்சு வாங்கியது. வயசாகிவிட்டது அவருக்கு. "சரி, என்னதான் வேணும் உனக்கு? கோழியா? சீலையா? கேளு, குடுக்கிறோம்" என்றார்.

"பரீட்சை எழுதணும்."

"பேய்க்கு எதுக்குடி பரீட்சை?"

"அதைத்தாம்பா நானும் சொல்லிக்கினு இருக்கேன்!"

இந்தத் தடவை கூட்டமே சிரித்தது. அத்தைக்குத் தாங்கவில்லை. "பேரு மறைக்குது. இது பழைய ஆளுதான். அந்த அங்கம்மா பேர்லயே ஆணியை அடி பூசாரி" என்றாள். நான் கடைசி வரிசையைப் பார்த்தேன். அந்தம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

"அங்கம்மா இல்ல. அந்தக்கா என்கிட்ட வரல. யார்கிட்டயும் வரல" என்று கத்தினேன். தொண்டை கிழிந்துவிட்டது.

"பேரு அதும் வாயால வரணும் அக்கா. நாமளா வெக்க முடியாது" என்றார் பூசாரி அத்தையிடம்.

"வாயாலதான் சொல்றேன். வடிவு. என் பேர்லயே அடிங்க" என்று முடியைப் பிடித்து நீட்டினேன்.

பூசாரி ஆணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார். "உசுரோட இருக்கிறவ பேர்ல ஆணி அடிச்சா, அவ உசுரு இந்த மரத்தோட நின்னுடும். எங்கப்பன் காலத்துலருந்து செய்யாத வேலை. நான் செய்ய மாட்டேன்."

"காசி, நீ அடிடா. பெத்தவன் அடிக்கலாம்" என்றாள் அத்தை.

அப்பா சுத்தியலை எடுத்தார் அக்கா. ஆணியையும் எடுத்தார். என் முடியைக் கையில் பிடித்தார். அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.  பிறகு இரண்டையும் பூசாரி பக்கத்தில் வைத்துவிட்டு, "எழுந்திரு. தலையைத் தொடை. பஸ் வந்துடும்" என்றார்.

வாலாஜாபாத் வந்ததும் அப்பா பஸ் டிக்கெட்டை மடித்துப் பையில் வைத்தார். அப்புறம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "அந்தப் படத்துல அது எதுக்கு வந்துச்சாம்?" என்றார்.

"உசுரோட இருந்தப்ப அது பேச்சை யாரும் கேக்கலியாம்பா."

"தரை டிக்கெட்டா, பெஞ்சா?" என்றார் அப்பா.

"தரை."

"தரையில உக்காந்தா பயமாத்தான் இருக்கும்" என்றார். அப்பாவுக்கு அது எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

பரீட்சைக்கு அனுப்புகிறார்கள். அதற்குப் பிறகு காலையில் பள்ளிக்கூட மணி வரை கோர்வை என்று அப்பா சொன்னார். சரி என்றேன், பதினொன்றாம் வகுப்புக்கும் சேர்த்துத்தானே என்று கேட்டேன். "பாக்கலாம்" என்றார். "பாக்கலாம்னா சரின்னு அர்த்தமாப்பா?" என்றேன். அத்தை இன்னும் அடுத்த அமாவாசையைப் பற்றித்தான் பேசுகிறாள்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. உன்னை அப்படிக் கேட்கவைத்தவர்கள்மேல் இருக்கிறது. ஆனால் புளியமரத்தில் உன் முடியோடு இருக்கிற ஆணியைப் பார்த்தேன். மரம் அதைப் பாதி மூடிவிட்டது. அதன் பெயர் இன்னும் அங்கம்மாள்தான்.

வடிவு


சென்னை
22-4-1970

அன்பு வடிவு,

உன் முதுகுக்கு மஞ்சளும் தேங்காயெண்ணெயும் போடு, வேறு எதையும் தடவாதே. பரீட்சை எப்படி எழுதினாய்?

இந்த வாரம் நான் படம் எதுவும் பார்க்கவில்லை. மூன்று தடவை கடிதம் எழுத உட்கார்ந்தேன். முதல் தடவை உன்மேல் கோபம் வந்தது. அதை எழுதி முடிக்கும்முன் கிழித்துவிட்டேன்.

மே மாதம் பத்தாம் தேதி எனக்கு லீவு. தென்னேரிக்கு வருகிறேன். அந்த மரத்தில் எத்தனையோ ஆணி. என்னுடையது எது என்று உனக்குத்தான் தெரியும், நீ கூட வரவேண்டும். ஆணியைப் பிடுங்க ஒரு குறடு வேண்டும். அங்கம்மாளின் அம்மா முன்னால்தான் பிடுங்கவேண்டும். அவரிடம் என் வாயால் சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நீ பக்கத்தில் நில்.

தேவகி


காஞ்சிபுரம்
3-5-1970

அன்புள்ள தேவகி அக்காவுக்கு,

அநேக நமஸ்காரம். இது கார்டு, அதனால் தபால்காரர் உட்பட எல்லோரும் படிக்கலாம். இதைப் பகலில், கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். யாருக்கு என்று அத்தை கேட்டாள். உன் பெயரைச் சொன்னேன். துப்பப் போனாள், வாசலில் அப்பா நின்றார், விழுங்கிவிட்டுத் திரும்பி வந்தாள்.

கணக்குப் பரீட்சை சுமார், மற்றதெல்லாம் நன்று. டென்ட் கொட்டகையில் இப்போது உன் ஒட்டுமீசைப் படம் ஓடுகிறது. அம்மா, "அதுல பேய் இல்லையே?" என்று இரண்டு தடவை கேட்டாள். கூட்டிப் போகலாம் என்றிருக்கிறேன்.

குறடு அப்பாவின் தறிப் பெட்டியில் இருந்தது. கேட்டேன். எதற்கு என்றார். எதற்கு என்று சொன்னேன். நாடாவைக் கீழே வைத்தார். பிறகு, மரம் மூடின பழைய ஆணி இழுத்தால் வராது, முதல்நாளே எண்ணெய் விட்டு ஊறப்போட வேண்டும் என்றார். ஒன்பதாம் தேதி அவரே தென்னேரிக்குப் போகிறார். எண்ணெய்க் குப்பியை எடுத்து வைத்திருக்கிறார்.

பதிலை இந்த வீட்டு விலாசத்துக்கே போடு.

வடிவு